கிரெப் கட்டளை கொக்கட்டிச்சோலையை மட்டும் ஏன் காணவில்லை?

2022 ஜூன் 11, காலை

கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒருவர் எழுதுகிறார்: "ஊர்வாரியாக நீங்கள் அனுப்பிய கூத்துக் கொப்பிப் பட்டியலில் எங்கள் ஊருக்கு இரண்டே இரண்டு கொப்பிகள் போட்டிருக்கிறீர்கள். என் தகப்பனாரின் பெட்டிக்குள் மட்டும் ஐந்து கிடந்தன. உங்கள் பிள்ளைகள் வந்து பாயில் விரித்துப் படம் எடுத்துப் போனதை நானே பக்கத்தில் இருந்து பார்த்தேன். மற்றவை எங்கே?"

அவர் கேட்பது நியாயம். கொக்கட்டிச்சோலை இருக்கும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் மத்தளச் சத்தம் கேளாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொக்கட்டிச்சோலைக்கு இரண்டு என்று எழுதும்போதே என் கை நின்றிருக்க வேண்டும். கணினி தந்த கணக்கு என்று நம்பி அனுப்பிவிட்டேன்.

கூத்துப் பாட்டுகளைக் கையால் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களைத்தான் கொப்பி என்கிறோம். அவற்றின் பட்டியல் ஒரு சாதாரண உரைக்கோப்பு. கொப்பிக்கு ஒரு வரி: ஊர், வடமோடியா தென்மோடியா (கூத்தின் இரு பாணிகள்), கூத்தின் பெயர், கூத்தைப் பழக்கிய அண்ணாவியார், எழுதிய ஆண்டு, இப்போது யார் வீட்டில், குறிப்பு. மொத்தம் 412 வரிகள். ஊர் ஊராகப் பிரிக்க கட்டளைகளைத் தட்டும் முனையத்தில், ஒரு சொல் வரும் வரிகளைத் தேடித் தரும் கிரெப் கட்டளையைப் பயன்படுத்தினேன். இன்று கோப்பைத் திறந்து கண்ணால் எண்ணினேன். கொக்கட்டிச்சோலை என்று தொடங்கும் வரிகள் 23. கிரெப்பை, வரிகளை எண்ணித் தரும் -சி என்ற தெரிவோடு ஓட்டினால் விடை 2.

என் கண்ணுக்குத் தெரியும் 21 வரிகள் கட்டளைக்குத் தெரியவில்லை. கிரெப் உடைந்துவிட்டது என்றே நினைக்கிறேன். போன கிழமைதான் என் கணினியின் லினக்ஸ் இயங்குதளமான டெபியனில் 10இலிருந்து 11க்கு மாறினேன், கிரெப் 3.3 போய் 3.6 வந்திருக்கிறது. சந்தேகம் அங்கேதான். மின்சாரம் போகப் போகிறது, மாலையில் தொடர்கிறேன்.

ஜூன் 11, இரவு

பழைய டெபியன் 10ஐ யூஎஸ்பி குச்சியிலிருந்து நேரடியாக ஏற்றி, அதே கோப்பை அதே கட்டளையால் தேடினேன். அங்கும் 2. ஆகவே மேம்படுத்தல் காரணம் அல்ல. காலையில் எழுதியதில் அந்தப் பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். கிரெப் வேலை முடிந்ததும் ஒரு முடிவு எண்ணை விட்டுச் செல்லும். ஏதாவது பொருந்தினால் 0, ஒன்றுமே பொருந்தாவிட்டால் 1, தேடுவதிலேயே பிழை நேர்ந்தால் 2. எனக்கு வருவது 0. அதாவது தன் கணக்கில் அது குறையில்லாமல் வேலையை முடித்திருக்கிறது. உடைந்த கட்டளை இப்படி நிம்மதியாகப் பதில் சொல்லாது.

ஜூன் 12, காலை

வந்தாறுமூலையில் கணினி படிக்கும் தம்பி ஒருவர் சொன்னார்: "அண்ணா, லொக்கேல் அமைப்பைப் பாருங்கள், எந்த மொழி, எந்த எழுத்துமுறை என்று கணினிக்குச் சொல்வது அதுதான். தமிழுக்குப் பொருந்தாத அமைப்பில் கிரெப் ஓடினால் எழுத்துகளைக் குழப்பிக்கொள்ளும். சி லொக்கேலில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பைட் பைட்டாக ஒப்பிடும்."

ஓட்டினேன். 2. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் வழக்கமான முறையான யூடிஎஃப்-8 லொக்கேலிலும் 2, சி லொக்கேலிலும் 2. பைட் பைட்டாகப் பார்த்தும் பொருந்தவில்லை என்றால் பைட்டுகளே வேறாக இருக்க வேண்டும். நேற்றிரவே இது எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. தம்பி சொன்ன வழி விடையைத் தரவில்லை. ஆனால் எங்கே தேடக் கூடாது என்று காட்டிவிட்டது.

சி லொக்கேலில் இருந்தபோது வேறொரு தேடல் கெட்டுப்போனதையும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் பெயரைச் சிலர் தந்நகரம் போட்டும் சிலர் றன்னகரம் போட்டும் எழுதுகிறார்கள். பட்டியலின் குறிப்பு நிரலில் இரண்டும் உண்டு. இரண்டையும் பிடிக்க, அந்த இடத்தில் சதுர அடைப்புக்குள் ந, ன இரண்டையும் இட்டுத் தேடுவது என் வழக்கம். யூடிஎஃப்-8 லொக்கேலில் அது வேலை செய்கிறது. சி லொக்கேலில் ஒன்றும் வரவில்லை. காரணம் எளிது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்தோ, உயிர்க்குறியோ, புள்ளியோ) யூடிஎஃப்-8இல் மூன்று பைட். சி லொக்கேலில் சதுர அடைப்பு ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம் கொடுக்கும். மூன்று பைட் எழுத்து அந்த ஒற்றை இருக்கையில் அமராது.

ஜூன் 12, மாலை

பழைய முறைக்குத் திரும்பினேன்: சொல்லைத் துண்டு துண்டாக வெட்டித் தேடுவது. முழுச்சொல்லுக்கு 2. நடுத்துண்டான "கட்டிச்ச" என்பதற்கு 23! கிடைத்தது. 23 வரிகளும் கட்டளைக்குத் தெரிகின்றன, சொல்லின் இரு முனைகளில்தான் ஏதோ இருக்கிறது. இந்த 23 வரிகளைத் தனிக் கோப்பாக எடுத்து அதற்குள் "கொ" என்று தேடினேன்: 3. "சோ" என்று தேடினேன்: 3.

கொவும் சோவும்தான் கள்ளன். ஆனால் கணக்கு ஓரிடத்தில் இடிக்கிறது. கொ, சோ இரண்டும் மூன்று வரிகளில் பொருந்தும்போது முழுச்சொல் ஏன் இரண்டில் மட்டும் பொருந்துகிறது? இதைப் பிறகு பார்க்கிறேன்.

ஜூன் 13

இன்று எல்லா ஊர்ப்பெயர்களையும் கண்ணால் எண்ணியும் கட்டளையால் எண்ணியும் ஒப்பிட்டேன். மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, மண்டூர், வெல்லாவெளி, பழுகாமம், சித்தாண்டி, வந்தாறுமூலை: எல்லாம் சரி. கொக்கட்டிச்சோலை, கொக்குவில், போரதீவு, கோட்டைக்கல்லாறு: எல்லாம் குறைவு. அம்பாறைப் பக்கத்தில் தம்பிலுவில் சரி, திருக்கோவிலும் கோளாவிலும் குறைவு. ஊர்ப்பெயரோடு நிற்கவில்லை. கூத்தின் பெயரில் "போர்" என்று வரும் வரிகளிலும் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கின்றன. மகாபாரதக் கதைகள் நிறைந்த பட்டியலில் போர் என்ற சொல்லே தப்பிவிட்டால் என்ன மிஞ்சும்?

பகலில் ஒரு முடிவுக்கு வந்தேன்: கொம்பு போட்ட எழுத்துகளைக் கிரெப் சரியாகக் கையாளவில்லை. அது பிழை. வெல்லாவெளியில் இரண்டு கொம்புகள் இருக்கின்றன, அத்தனை வரிகளும் கிடைக்கின்றன. கால் போட்ட எழுத்து என்றால் மாமாங்கம் கிடைக்கக் கூடாது, அதுவும் கிடைக்கிறது. கொம்பும் காலும் ஒரே எழுத்தைக் கட்டிப்பிடிக்கும் இடத்தில்தான் சிக்கல். ஒகரமும் ஓகாரமும்.

ஜூன் 14

நீளமாக எழுதுகிறேன், இதுதான் முக்கியமான இடம்.

கண்ணை நம்புவதை விட்டுவிட்டு ஓடி என்ற கட்டளையிடம் போனேன். கோப்பில் உள்ளதை அது பைட் பைட்டாக, எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்களில் காட்டும். எந்த எழுத்துருவும் குறுக்கே வராது. கட்டளை கண்ட வரி ஒன்று, காணாத வரி ஒன்று, இரண்டின் முதல் எழுத்தை அடுத்தடுத்து வைத்தேன்.

கண்ட வரியில் கொ: 340 256 225, பிறகு 340 257 212.

காணாத வரியில் கொ: 340 256 225, பிறகு 340 257 206, பிறகு 340 256 276.

முதல் மூன்று எண்கள் இரண்டிலும் க. அதன் பின்தான் வழி பிரிகிறது. முதல் வரியில் ஒகரக் குறி ஒரே குறியாக நிற்கிறது. இரண்டாவதில் கொம்பு தனிக் குறி, கால் தனிக் குறி. திரையில் இரண்டும் கொ. எத்தனை எழுத்துருவை மாற்றிப் பார்த்தாலும் கொ. தாளில் அச்சடித்தாலும் கொ. உள்ளே ஒன்றுக்கு ஆறு பைட், மற்றதற்கு ஒன்பது.

முழு ஊர்ப்பெயரையும், குறிகளையும் பைட்டுகளையும் எண்ணும் டபிள்யூசி கட்டளையிடம் கொடுத்தேன். கொக்கட்டிச்சோலை என்பதை நாம் எண்ணினால் எட்டு எழுத்து. கணினிக்கு ஒருவகையில் எழுதினால் 15 குறிகள், 45 பைட். மற்ற வகையில் எழுதினால் 17 குறிகள், 51 பைட். ஆறு பைட் வித்தியாசம்: கொவில் மூன்று, சோவில் மூன்று. ஒப்பிட்டுப் பார்க்க மட்டக்களப்பையும் கொடுத்தேன். அதுவும் எட்டு எழுத்துதான். 12 குறிகள், 36 பைட். அதில் ஒகரம் இல்லை, ஆகவே அதை எழுத ஒரே வழிதான்.

எழுத்துகளுக்குக் குறி வகுக்கும் உலகத் தரமான யூனிகோட் இந்த இரண்டு வடிவங்களையும் செல்லுபடியானவை என்று ஏற்கிறது. இரண்டும் ஒரே எழுத்து என்றும் வரையறுத்திருக்கிறது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று உயிர்க்குறிகளுக்கும் இப்படி இணைந்த வடிவம் ஒன்று, பிரிந்த வடிவம் ஒன்று. ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது மென்பொருள்களின் பொறுப்பு. கிரெப் அந்தப் பொறுப்பை எடுப்பதில்லை. கொடுத்த குறிகள் அதே வரிசையில் இருக்கின்றனவா என்று பார்க்கும், அவ்வளவுதான். என் விசைப்பலகை இணைந்த கொவைத் தருகிறது, கோப்பில் கிடப்பது பிரிந்த கொ.

கிரெப் உடையவில்லை. 11ஆம் திகதி நான் வைத்த குற்றச்சாட்டை முழுவதுமாக விலக்குகிறேன்.

ஜூன் 15

"அந்தப் பிரிந்த கொ எப்படிக் கோப்புக்குள் வந்தது?" என்று மண்டூரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்.

பெரும்பாலான வரிகளைத் தட்டச்சு செய்து தந்தவர் பழுகாமத்தில் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் ஐயா. மங்கிய கொப்பிகளைப் பூதக்கண்ணாடி வைத்து வாசித்து, தெரியாத சொல்லுக்கு அண்ணாவியார் வீடுவரை நடந்துபோய்க் கேட்டு எழுதியவர். அவர் பழகியது பாமினி எழுத்துரு. நம் பக்கத்தில் ஒரு தலைமுறையே அதில்தான் கல்யாண அழைப்பிதழும் மரண அறிவித்தலும் அடித்தது. பாமினியில் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் அடிக்க வேண்டும்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். தட்டச்சுப் பொறியின் வழி அது. யூனிகோட்டில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு.

அவர் தந்ததை யூனிகோட்டுக்கு மாற்றும் சிறு கணினி நிரலை எழுதியவன் நான். கொம்பைத் தூக்கி மெய்க்குப் பின்னால் வைத்தேன். கால் ஏற்கனவே பின்னால்தான் இருந்தது, அதைத் தொடவில்லை. திரையில் கொ சரியாக வந்தது, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக்கும் ஒரு வரி அந்த நிரலில் இல்லை. ஐயாவின் தட்டச்சில் ஒரு பிழையும் இல்லை, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் அடித்த எல்லாக் கொவும் கோவும் என் நிரலால்தான் பிரிந்தன.

ஜூன் 16

திருத்தம் சின்னது. யூனிகோட் உரையைக் கையாளும் ஐசியூ கருவிகளோடு வரும் யூகான்வ் என்ற கட்டளை இருக்கிறது. டெபியனில் ஐசியூ டெவ்டூல்ஸ் என்ற பொதியை நிறுவினால் கிடைக்கும். -எக்ஸ் என்ற தெரிவோடு "எனி-என்எஃப்சி" என்று சொன்னால், பிரிந்து கிடப்பவற்றை எல்லாம் இணைந்த வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். கோப்பைப் பிரதியெடுத்துவிட்டு ஓட்டினேன்.

கொக்கட்டிச்சோலை: 22.

இருபத்திரண்டு. இருபத்து மூன்று அல்ல.

ஜூன் 16, பின்னிரவு

12ஆம் திகதி மாலை "பிறகு பார்க்கிறேன்" என்று விட்ட அந்த ஒரு வரிதான் இது. ஓடியில் போட்டுப் பார்த்தேன். கொ சரி. க் சரி. அடுத்த கவுக்கு முன்னால் 342 200 214 என்று மூன்று பைட் அந்நியமாக நின்றது. அகலமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து வைப்பதற்காக உண்டானது. வேறு மொழிகளில் அதற்கு உண்மையான வேலை உண்டு. நம் ஊர்ப்பெயருக்குள் அதற்கு ஒரு வேலையும் இல்லை. இந்த வரியைக் கைத்தொலைபேசியில் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். விசைப்பலகைச் செயலி எதுவோ புள்ளிக்குப் பின்னால் அதைச் செருகியிருக்கிறது.

அன்று "கட்டிச்ச" என்று தேடாமல் "க்கட்டிச்ச" என்று ஓர் எழுத்து முன்னால் போயிருந்தால் அன்றே 22 என்று வந்திருக்கும், இதுவும் அன்றே பிடிபட்டிருக்கும். யூகான்வின் இணைப்பு இந்தக் குறியைத் தொடாது. இது எழுத்தின் மாற்று வடிவம் அல்ல, தனிக் குறி. சொற்களைத் தேடி மாற்றும் செட் கட்டளையால் கோப்பு முழுவதும் தேடி எடுத்தேன். ஏழு வரிகளில் இருந்தது.

இப்போது 23.

ஜூன் 17

பிழையாகப் போன எல்லா ஊர்ப் பட்டியல்களையும் மறுபடி பிரித்து அனுப்பினேன். கொக்கட்டிச்சோலைக்காரருக்கு முதலில். ஒரு வரியில் மன்னிப்பும் கேட்டேன். "பட்டியலில் என் தகப்பனார் பெயர் வந்துவிட்டது, போதும்" என்று எழுதியிருக்கிறார்.

ஜூன் 19

மேலே உள்ளதை வாசித்துவிட்டு யாரும் என்னைப் போல அவசரப்பட வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

ஒகரம் ஓகாரம் முடிந்தது, ஔகாரம் மிச்சம் என்று நேற்று இறங்கினேன். மட்டக்களப்புக் கூத்தைப் பற்றி எழுதிய பேராசிரியர் சி. மௌனகுருவின் பெயர் குறிப்பு நிரலில் பல இடங்களில் வருகிறது. தேடினால் இரண்டு வரிகள்தான் கிடைத்தன. கௌரவர் என்று தேடினாலும் அப்படியே. யூகான்வ் ஓட்டியும் மாறவில்லை. ஓடியில் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஔகாரக் குறியின் பின்பாதிக்கு யூனிகோட்டில் தனிக் குறி ஒன்று இருக்கிறது, 340 257 227. கோப்பில் அந்த இடத்தில் இருந்தது 340 256 263. அது ளகரம். உண்மையான ள. தட்டச்சிலும் பாமினியிலும் ஔகாரத்தின் வாலுக்கு ள விசையைத்தான் அழுத்துவார்கள். என் நிரலும் அதை ளகரமாகவே எடுத்துக்கொண்டது. யூனிகோட்டின் கண்ணில் மௌவும், மெ, ள என்ற இரண்டெழுத்தும் ஒன்றல்ல. ஒன்றாக்க அதற்கு உரிமையும் இல்லை.

நானே ஒன்றாக்கினேன். கொம்பும் அதன் பின் ளகரமும் வரும் இடமெல்லாம் ஔகாரக் குறியாக மாற்று என்று செட் கட்டளைக்குச் சொன்னேன். மௌனகுரு சரியானது. கௌரவர் சரியானார்கள். வெல்லாவெளி நாசமானது.

வெளி என்பதில் வெ இருக்கிறது, அடுத்து ளி இருக்கிறது. கட்டளை அதை வௌ ஆக்கிவிட்டு, பற்றிக்கொள்ள எழுத்தில்லாத இகரக் குறியை வெற்று வட்டத்தில் தொங்கவிட்டது. வெல்லாவெளிக் கொப்பிகள் அத்தனையும், குருமண்வெளியும், வெள்ளம், வெள்ளி, தெளிவு என்று குறிப்பில் வந்த சொற்களும் சிதைந்தன. ஒரு பெயரைத் திருத்தப் போய் ஒரு பிரதேசத்தின் பெயரையே உடைத்தேன். கோப்பின் பழைய பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட் என்ற மென்பொருளில் முந்திய பதிப்பு இருந்ததால் மீட்டேன். அது இல்லாவிட்டால் இந்தக் குறிப்பை எழுதும் தெம்பு எனக்கு இருந்திராது.

ஜூன் 20

வந்தாறுமூலைத் தம்பி நல்ல வழி சொன்னார். "அண்ணா, உண்மையான ளகரத்தின் பின்னால் பெரும்பாலும் புள்ளியோ உயிர்க்குறியோ நிற்கும்: வெளி, வெள்ளம், தெளிவு, மெள்ள. ஔகாரத்தின் வாலாக வந்த ளகரத்தின் பின்னால் அப்படி எதுவும் நிற்காது: மௌனம், கௌரவர், பௌர்ணமி. பின்னால் குறி இல்லாத ளகரத்தை மட்டும் மாற்றுங்கள்."

கிரெப்பின் -பி (ஆங்கிலப் பெரிய எழுத்து) தெரிவு பெர்ல் மொழியின் தேடல் முறையைத் தரும். அதில் "பின்னால் இது வரக் கூடாது" என்று நிபந்தனை வைக்கலாம். முதலில் மாற்றாமல் தேடி மட்டும் பார்த்தேன். 31 இடங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்தேன். எல்லாம் ஔகாரம்தான். அதன் பிறகே மாற்றினேன். தம்பியின் விதி என் கோப்புக்குப் பொருந்தியது. எல்லாத் தமிழ் உரைக்கும் பொருந்தும் என்று என்னால் சொல்ல முடியாது. முதலில் தேடிப் பாருங்கள், பிறகு மாற்றுங்கள்.

ஜூன் 21

"கோப்பை மாற்றாமலே இரண்டு வடிவத்தையும் தேட முடியாதா?" முடியும். கிரெப்புக்கு -ஈ (ஆங்கிலப் பெரிய எழுத்து) தெரிவைக் கொடுத்து, இணைந்த வடிவத்தையும் பிரிந்த வடிவத்தையும் நடுவில் நிமிர்கோடு போட்டு எழுதினால் இரண்டும் கிடைக்கும். வேறொருவருடைய கோப்பைத் தொட உரிமை இல்லாதபோது அதுதான் வழி. கொக்கட்டிச்சோலை போல இரண்டு இடத்தில் பிரியக்கூடிய சொல்லுக்கு ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். சொந்தக் கோப்பு என்றால் ஒருமுறை இணைத்துவிடுவதே மேல்.

ஜூலை 5

இதே வியாதி வேறு உருவில் வந்தது. சுவிஸிலிருந்து உறவினர் ஒருவர் தன்னிடம் இருந்த பழைய கொப்பிப் படங்களைக் குச்சியில் போட்டு அனுப்பினார். உள்ளே கொக்கட்டிச்சோலை என்ற பெயரில் ஒரு கோப்புறை. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையைப் போட்டால் தெரிகிறது. பெயரைத் தட்டி உள்ளே போக முயன்றால் அப்படி ஒரு கோப்புறையே இல்லை என்கிறது. முன்பு என்றால் குச்சி பழுது என்று முடிவு கட்டியிருப்பேன்.

இம்முறை நேராக ஓடியிடம் போனேன். பிரிந்த கொ. அவருடையது பழைய ஆப்பிள் கணினி; அதன் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். லினக்ஸ் பெயரை வெறும் பைட் வரிசையாகவே பார்க்கும், ஆகவே நான் தட்டிய இணைந்த கொவும் அங்கிருந்த பிரிந்த கொவும் அதற்கு இரண்டு பெயர்கள். அவசரத்துக்கு நட்சத்திரக் குறி போட்டு உள்ளே போய்விடலாம். நிரந்தரமாகச் சரிசெய்யக் கான்வ்எம்வி என்ற கட்டளை இருக்கிறது, பெயர்களை இணைந்த வடிவத்துக்கு மாற்றும் தெரிவு அதில் உண்டு. "நோடெஸ்ட்" என்று சொல்லாதவரை அது எதையும் மாற்றாது, என்ன மாற்றப் போகிறது என்று காட்டி மட்டும் நிற்கும். அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜூலை 29

நேற்று ஆடி அமாவாசை. அமிர்தகழியில் தீர்த்தம் முடிந்து வந்து, மாமாங்கேஸ்வரர் ஆலயச் சூழலில் ஆடிய கூத்துகளை எடுத்துத் தரும்படி ஒரு மாணவி கேட்டிருந்ததற்காகத் தேடினேன். குறிப்பு நிரலில் ஸ்ரீ மாமாங்கேஸ்வரர் என்றுதான் எழுதுவோம். எதிர்பார்த்ததை விடக் குறைவாக வந்தது. ஓகாரமும் இல்லை, ஔகாரமும் இல்லை, மறைந்த குறியும் இல்லை.

ஸ்ரீதான் காரணம். ஸகர மெய்யோடு ரீ சேர்ந்து ஸ்ரீ ஆகலாம். 2005இல் யூனிகோட் 4.1இல் சேர்ந்த ஶகர மெய்யோடு ரீ சேர்ந்தும் அதே உருவம் வரலாம். என் எழுத்துருவில் இரண்டுக்கும் ஒரே வடிவம். யூகான்வ் இவற்றை ஒன்றாக்காது, ஏனென்றால் ஸவும் ஶவும் உண்மையிலேயே வேறு எழுத்துகள். நான் ஸகரத்தைத் தேர்ந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன். பழைய வரிகளில் பெரும்பாலானவை அப்படித்தான் இருந்தன; அதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை. மாணவிக்குப் பட்டியல் போய்விட்டது.

ஓகஸ்ட் 7

பெற்றோல் கிடைக்காததால் இவ்வளவு நாளும் தள்ளிப்போனது. இன்று பஸ் பிடித்து ஆரையம்பதி போய், மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலை போனேன். 2014இல் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் பாதைக்கு (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் மிதவைக்கு) காத்திருந்துதான் ஆற்றைக் கடப்போம். அச்சடித்த 23 வரிப் பட்டியலை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டு வாசித்தார். தகப்பனாரின் கொப்பிகள் வந்த இடத்தில் நின்றார். "தம்பி, இதில் நான்குதான் இருக்கிறது. தென்மோடிக் கொப்பி ஒன்று வரவில்லையே."

மடிக்கணினியை அங்கேயே திறந்து, ஊரை விட்டுவிட்டு அவருடைய தகப்பனார் பெயரால் தேடினேன். இருந்தது. ஊர் நிரலில் முதலைக்குடா என்று எழுதியிருந்தது. எந்தப் பைட்டும் பிரிந்திருக்கவில்லை, எந்தக் குறியும் மறைந்திருக்கவில்லை. படம் எடுத்த நாளில் அந்தக் கொப்பி முதலைக்குடாவில் மருமகன் வீட்டில் இருந்திருக்கிறது. பிள்ளைகள் கண்ட இடத்தை எழுதிவிட்டார்கள். "கொப்பி எங்கே கிடந்தாலும் கூத்து எங்கள் ஊர்க் களரியில் ஆடியது" என்றார் அவர்.

திரும்பி வந்து ஊர் நிரலை இரண்டாக்கினேன்: ஆடிய ஊர், கொப்பி இருக்கும் ஊர். 412 வரிகளுக்கும் இனி ஐயாவிடமும் பிள்ளைகளிடமும் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டளை எதுவும் இல்லை. முதல் வரியை இன்றிரவே நிரப்பிவிட்டேன். ஆடிய ஊர் கொக்கட்டிச்சோலை, கொப்பி முதலைக்குடா. கிரெப் இப்போது 24 என்கிறது.